அழுத்தம் எங்கே விழுகிறது?



ஆங்கிலம் பேசும்போது தமிழ் வாடை அடிக்கிறதே என்று கூச்சப்படுகிறவர்கள் நம்மில் ஏராளம். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் பேசினால் அவர் ஊர் தெரிகிறது. டெக்சாஸ்காரர் பேசினாலும் தெரிகிறது. நம் ஊர் தெரிவதில் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படும் நாம், அசை அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கேட்பவர் தடுமாறுவது பல நேரம் அங்கேதான்.

'ஹோட்டல்' என்கிறோம்; முதல் அசையில் ஊன்றுகிறோம். ஆங்கிலேயர் 'ஹோ'வை லேசாகத் தொட்டுவிட்டு 'டெல்' என்பதில் ஊன்றுவார். 'டெவலப்' என்ற சொல்லில் அவர் அழுத்துவது நடுவில் உள்ள 'வெ'யை.

அழுத்துவது என்றால் உரக்கச் சொல்வது மட்டுமல்ல. அந்த அசை சற்று நீளும், குரல் மேலே ஏறும், உயிரொலி முழுமையாகக் கேட்கும். அக்கம்பக்கத்து அசைகளில் உயிரொலி மங்கிவிடும். 'பனானா'வை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே உயிரெழுத்து மூன்று முறை வருகிறது. நடுவில் உள்ளது மட்டும் முழுதாக ஒலிக்கும். முதலும் கடைசியும் வெறும் முனகலாகத் தேய்ந்துவிடும். தமிழ்க் காதுக்கு இது அந்நியமல்ல. 'நாடு', 'பாக்கு' என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறதே, அந்தக் குற்றியலுகரத்தைத் தொல்காப்பியமே பேசுகிறது. நம்மிடம் உயிரொலி இடம் பார்த்துக் குறைகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பார்த்துக் குறைகிறது.

அழுத்தம் நகர்ந்தால் சொல்லின் உருவமே மாறிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை எடுப்பாக நிற்கிறது. அதுவே கலையின் பெயராகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, 'ஃபடாக்ரஃபி' என்று ஆகிறது. வானொலிக்காரர்கள் நாள்தோறும் புழங்கும் 'ரெக்கார்ட்' முதல் அசையில் ஊன்றினால் இசைத்தட்டு. இரண்டாவதில் ஊன்றி 'ரிக்கார்ட்' என்றால் பதிவு செய்யும் வினை.

இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்த ஆர். கே. பன்சாலின் நூல் 1969-இல் ஹைதராபாதிலிருந்து வெளியானது. புரியாமல் போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் காட்டியது இடம் தவறிய அழுத்தத்தை. 2000-ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆங்கில அறிஞர் வேறொன்று சொன்னார்: உலகம் முழுவதும் பலரும் பேசும் மொழியில் சொல்லழுத்த விதிகளை வற்புறுத்த வேண்டாம், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதைத்தான் விடக்கூடாது. முதல் பாதியை நான் முழுதாக ஏற்கவில்லை. 'லேபரட்டரி'யில் பிரிட்டிஷார் இரண்டாம் அசையையும் அமெரிக்கர் முதல் அசையையும் அழுத்துவது உண்மைதான். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பழகியவர்கள். நம் பேச்சைக் கேட்பவருக்கு அந்தப் பழக்கம் இல்லாதிருக்கலாம்.

இரண்டாம் பாதியில் அவர் சொன்னது முற்றிலும் சரி; நாம் சறுக்குவதும் அங்கேதான். 'ராமுதான் நேற்று மதுரைக்குப் போனான்', 'ராமு நேற்றுதான் மதுரைக்குப் போனான்', 'ராமு நேற்று மதுரைக்குத்தான் போனான்.' ஒரு 'தான்' இடம் மாற, மூன்று வெவ்வேறு செய்திகள். அந்த வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரலே செய்கிறது. சொற்கள் அப்படியே இருக்க, ராமுவையோ நேற்றையோ மதுரையையோ அழுத்தினால் போதும். நாமோ குரலைச் சமமாக ஓடவிட்டு, 'எஸ்டர்டே ஒன்லி' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். நம் ஊருக்குள் அது தெளிவாகப் புரியும். வெளியூர்க் காதுக்கு, 'நேற்று மட்டும்' என்று கேட்கும்.

அடுத்த முறை ஆங்கிலச் செய்தி கேட்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்திலும் குரல் எந்தச் சொல்லில் எழும்புகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அது புதிய செய்தியைச் சுமக்கும் சொல்லாக இருக்கும். முன்பே சொல்லிவிட்ட பெயர் மறுபடி வந்தால், அதன்மேல் குரல் தாழ்ந்தே போகும்.