சப்பாத்தும் சந்தேகமும்



ஒரு ஜோடி சப்பாத்தைப் பிரித்து, ஒன்றைப் பந்திங்கிலும் மற்றதைக் கிள்ளானிலும் வைக்கிறோம். இங்கே திறந்தால் இடக்கால். அப்போ அங்கே வலக்கால்தானே! பிணைந்த துகள்களும் இப்படித்தான், முன்பே முடிவானவை என்பது 1935-இல் ஐன்ஸ்டீன் பக்கத்து வாதம். இதைக் கேட்கும் பையனை 'உட்காருடா' என்று அதட்டாதீங்க. நல்ல கேள்வி அது.

முன்பே முடிவாகி, பிறகு ஒன்றையொன்று பாதிக்காவிட்டால், பல கோணங்களில் சோதிக்கும்போது விடைகளின் பொருத்தம் ஓர் எல்லையைத் தாண்டாது என்று 1964-இல் ஜான் பெல் கணக்கிட்டார். ஐன்ஸ்டீனே வெல்வார் என்று நம்பிய ஜான் கிளாசர், 1972-இல் ஃப்ரீட்மனுடன் சேர்ந்து ஒளித்துகள்களை எண்ணினார். எல்லை தாண்டிவிட்டது! நம்பினது நடக்கல, ஆனாலும் வந்த கணக்கை அப்படியே வெளியிட்டார். 2022-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

ஒன்று சொல்லிடறேன்: இதை வைத்துக் கிள்ளானுக்கு ஒரு சேதிகூட அனுப்ப முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் பூவா தலையா போட்ட மாதிரிதான் இருக்கும்.