நம்பி ஓடிய நடிகர்



வில்லனாக நடிப்பது ஒரு நல்ல நடிகனுக்கு அவ்வளவு கடினமில்லை. குரலைத் தாழ்த்தலாம், பார்வையை மாற்றலாம், சிரிப்பில் கொஞ்சம் நஞ்சு கலக்கலாம். பார்ப்பவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நல்லவனாக நடிப்பதுதான் சோதனை. ஒரு இழை கூடினால் உபதேசம் ஆகிவிடும். ஒரு இழை குறைந்தால் சப்பென்று போய்விடும். அந்தச் சோதனையில் அடுத்தடுத்து இரண்டு படங்களில் தேறியவர் ஸ்காட்லாந்து நடிகர் இயன் சார்ல்சன். 1981-ல் 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் எரிக் லிடெல் என்ற ஓட்டப்பந்தய வீரராக வந்தார். மறு ஆண்டு ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி'யில் சார்லி ஆண்ட்ரூஸ் பாதிரியாராக வந்தார். ஓடும் ரயிலின் கூரைமேல் நம் மக்கள் கைகொடுத்து ஏற்றிவிடும் அந்த வெள்ளைக்காரரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முகம் நினைவிருக்கும், பெயர் தெரிந்திருக்காது. அந்தப் பெயருக்குரியவரைப் பற்றித்தான் இன்றைய உரை.

1949 ஆகஸ்டில் எடின்பரோவில் பிறந்தவர். அப்பா அச்சுத் தொழிலாளி. வசதியான வீடு இல்லை. படிப்பில் கெட்டிக்காரராக இருந்ததால் உதவித்தொகையோடு அந்த ஊரின் பழம்பெரும் பள்ளியான ராயல் ஹைஸ்கூலில் இடம் கிடைத்தது. சிறுவனாக இருக்கும்போதே தேவாலயத்தில் தனிக்குரலில் பாடியவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கத்தான் சேர்ந்தார், ஆனால் மாணவர் நாடகக் குழு அவரை இழுத்துக்கொண்டது. கட்டடக்கலையை விட்டுக் கலைப் பட்டம் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் போய் லாம்டா நாடகப் பள்ளியில் பயின்றார். பிறகு ஃபிராங்க் டன்லப் நடத்திய யங் விக் குழு. அங்கிருந்து ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. 1978-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஏரியலாக நடித்தார். ஏரியல் காற்றில் பிறந்த ஆவி, பாட வேண்டிய பாத்திரம். தேவாலயத்தில் பழகிய குரல் அங்கே கைகொடுத்தது.

இனி லிடெலுக்கு வருகிறேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மாட்டேன் என்று சொன்னவர் எரிக் லிடெல். அது தேவனுக்குரிய நாள் என்பது அவர் விசுவாசம். அதற்குப் பதிலாக நானூறு மீட்டரில் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். பின்னால் சீனாவுக்கு மிஷனரியாகப் போய், ஜப்பானியர்களின் தடுப்பு முகாமில் 1945-ல் இறந்தார். படம் சில இடங்களில் வரலாற்றை வளைத்திருக்கிறது. பந்தயம் ஞாயிறன்று என்ற செய்தி அவருக்குக் கப்பல் ஏறும்போது தெரிவதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் பல மாதம் முன்பே தெரியும். அதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரைத் திரையில் எப்படி நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி.

லிடெல் ஓடும் விதமே விநோதமானது. கடைசிக் கட்டத்தில் தலை பின்னால் சாய்ந்துவிடும், வாய் திறந்துகொள்ளும், கைகள் காற்றில் வீசும். எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ளாத ஓட்டம். சார்ல்சன் அதை அப்படியே நகல் எடுத்திருந்தால் கேலிச் சித்திரமாகியிருக்கும். ஏன் ஒருவர் இப்படி ஓடுவார் என்று யோசித்தார். நாடகப் பள்ளியில் ஒரு பயிற்சி உண்டு: சுவரை நோக்கி வேகமாக ஓட வேண்டும், மோதுவதற்கு முன் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டும். அது நினைவுக்கு வந்ததாகவும், லிடெல் நம்பி ஓடியவர், போகும் திசையைக்கூடப் பார்க்காதவர் என்று தனக்குப் புரிந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்த ஓட்டத்தை மறுபடி பாருங்கள். ஓடுகிறவர் முகத்தில் வேதனை இல்லை, பிடிவாதமும் இல்லை. தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டவரின் மகிழ்ச்சி இருக்கிறது. உடம்பின் ஒரு கோணலிலிருந்து மனத்தைக் கண்டுபிடித்த நடிப்பு அது.

அதே படத்தில் இன்னொரு காட்சி. பந்தயம் முடிந்திருக்கிறது, மழை பெய்கிறது, உழைக்கும் மக்கள் கூட்டம் நனைந்தபடி நிற்கிறது. லிடெல் அவர்களிடம் விசுவாசத்தையும் ஓட்டத்தையும் பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சைச் சார்ல்சனே எழுதினார். அதற்காக பைபிளை ஆழ்ந்து படித்தார். மேடையில் ஷேக்ஸ்பியர் வசனத்தை அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுபோகத் தெரிந்த குரல்தான். ஆனால் இங்கே அதை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசுகிறார். கையை வீசவில்லை, கண் கலங்கவில்லை. பிரசங்கம் செய்கிறவர் நம்மைவிட ஒரு படி மேலே நிற்பார் என்ற எண்ணமே வராது. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகாதவர்களும் அந்தக் காட்சியில் அமைதியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டின் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. சார்ல்சனுக்குப் பரிந்துரைகூட இல்லை. என் கணக்கில் அது ஆஸ்கர் குழுவின் தவறு. அடங்கிய நடிப்பை விருதுக் குழுக்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

'காந்தி'யில் அவருக்குக் கொடுத்த இடம் சிறியது. இருந்தும் தென்னாப்பிரிக்கத் தெருவில் ஒரு காட்சி வருகிறது. காந்தியும் சார்லியும் நடந்து போகிறார்கள். எதிரே சில வெள்ளைக்கார இளைஞர்கள் வழிமறித்து நிற்கிறார்கள். பென் கிங்ஸ்லியின் காந்தி நேராக நடக்கிறார். சார்லிக்குப் பயம், திரும்பிப் போய்விடலாமே என்ற தவிப்பு. தான் போதிக்கும் வேதத்தையே இந்த இந்து தனக்கு நினைவூட்டுகிறாரே என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. மூன்றும் ஒரே முகத்தில் சில விநாடிகளில் வந்துபோகின்றன. உண்மையான ஆண்ட்ரூஸ், ஃபிஜித் தீவில் ஒப்பந்தக் கூலிகளாகச் சிக்கிய நம் மக்களுக்காகக் குரல் கொடுத்தவர். அந்த மனிதரின் கூச்சத்தையும் துணிவையும் சார்ல்சன் சேர்த்தே காட்டினார். வழிமறித்த இளைஞர்களில் ஒருவராக நடித்தவர் டேனியல் டே-லூயிஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

அதே 1982-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ரிச்சர்ட் ஐர் இயக்கிய 'கைஸ் அண்ட் டால்ஸ்' இசை நாடகத்தில் ஸ்கை மாஸ்டர்சன் என்ற சூதாட்டக்காரராகப் பாடி ஆடினார். பாதிரியாரும் சூதாடியும் ஒரே ஆண்டில்! 'கிரேஸ்டோக்' என்ற டார்சான் படம், இத்தாலியில் ஒரு திகில் படம், சில தொலைக்காட்சித் தொடர்கள் என்று பிறகு வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். சினிமா அவரைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1988-ல் மறுபடி நேஷனல் தியேட்டர், டென்னஸி வில்லியம்ஸின் 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்', குடியில் தன்னைப் புதைத்துக்கொள்ளும் பிரிக் என்ற பாத்திரம். அப்போதே அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 1986-லேயே தெரிந்துவிட்டது. மிகச் சிலரிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

1989 செப்டம்பரில் நேஷனல் தியேட்டரில் 'ஹாம்லெட்' நடந்துகொண்டிருந்தது. இயக்கம் ரிச்சர்ட் ஐர், ஹாம்லெட் டேனியல் டே-லூயிஸ். ஒரு நாள் நாடகத்தின் நடுவிலேயே டே-லூயிஸ் மேடையைவிட்டு இறங்கிப் போனார், திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாக நடித்து ஜெரமி நார்தம் அன்றைய நாளைக் காப்பாற்றினார். அதன்பின் அந்த வேடத்துக்கு ஐர் அழைத்தது சார்ல்சனை. எய்ட்ஸ் முற்றிய நிலை. கண்ணைச் சுற்றி முகம் வீங்கியிருந்தது. உலக நாடகத்தின் மிக நீண்ட வேடங்களில் ஒன்று ஹாம்லெட். கடைசியில் வாள் சண்டை வேறு. அக்டோபரில் மேடை ஏறினார், நவம்பர் 13 வரை நடித்தார்.

ஹாம்லெட் பேசுவதெல்லாம் சாவைப் பற்றித்தான். வாழ்வதா, வேண்டாமா என்று கேட்கிறான். கல்லறையில் மண்டையோட்டைக் கையில் எடுக்கிறான். கடைசிக் காட்சிக்கு முன், எப்போது வந்தாலும் தயாராக இருப்பதே போதும் என்று நண்பனிடம் சொல்கிறான். அரங்கில் இருந்தவர்களில் பலருக்கு நடிகரின் நிலை தெரியாது. அதனால் அவர்கள் கண்டது பரிதாபத்தை அல்ல, நடிப்பை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நோயைக் காட்டிக் கைதட்டல் வாங்க அவர் மேடை ஏறவில்லை. நேற்றைய இரவு பார்த்ததுதான் குறையில்லாத ஹாம்லெட் என்று சொல்லி, கடைசி நாள் நாடகத்துக்கு மறுநாள் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' சிறந்த நடிகர் விருதைப் பெற்ற இயன் மெக்கெல்லன் அந்தச் சிலையைச் சார்ல்சனுக்கே கொடுத்துவிட்டார்.

எட்டு வாரத்தில், 1990 ஜனவரி 6-ஆம் நாள், சார்ல்சன் இறந்தார். வயது நாற்பது. தன் சாவுக்குக் காரணம் எய்ட்ஸ் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. அந்த நோயாளிகளைத் தொடவே அஞ்சிய காலம், குடும்பங்கள் வேறு நோயின் பெயரைச் சொல்லி மறைத்த காலம். பிரிட்டனில் இவ்வளவு புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் சாவு இப்படி மறைக்காமல் அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான சிகிச்சை மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

நாடக உலகமும் ஒரு காரியம் செய்தது. 'சண்டே டைம்ஸ்' விமர்சகர் ஜான் பீட்டர் அந்த ஹாம்லெட்டைப் பார்த்தவர். அவர் முன்முயற்சியில் இயன் சார்ல்சன் விருது உருவானது. முப்பது வயதுக்குக் குறைந்த நடிகர்களுக்கு, செவ்வியல் நாடகங்களில் காட்டும் திறமைக்காக மட்டும் தருவது. சினிமா கணக்கில் வராது. டேவிட் ஓயெலோவோ, ரெபெக்கா ஹால் போன்றவர்கள் உலகப் புகழ் பெறும் முன் வாங்கிய விருது அது. மேடைக்கு ஏறிய புதிதில், சம்பளம் குறைவாகவும் வேடம் பெரிதாகவும் இருக்கும் காலத்தில், ஒரு இளம் நடிகருக்குத் தேவைப்படுவது யாரோ தன்னைக் கவனித்தார்கள் என்ற செய்தி. ஆண்டுதோறும் அந்தச் செய்தி சார்ல்சன் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது.