இழுப்பு இல்லாத நாளிலும்

பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டி, பூண்டுக்குப் பேர்போன ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டும் வடக்கே இருந்து லாரியில் வருகிற பூண்டும் இங்கேதான் இறங்கும். அதைச் சுத்தம் செய்து ரகம் பிரிக்கிற பெண்களின் தலையிலும் சேலையிலும் தோல் சருகு ஒட்டிக்கொண்டே இருக்கும். பூண்டுத் தூசி சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவத்தில் பதிவான உண்மை. வீட்டில் இழுப்புள்ள பிள்ளை இருந்தால், வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, சேலை மாற்றிவிட்டுத் தூக்குங்கள் தாயே.

தூசியையும், ஆடிக் காற்றையும், மார்கழிப் பனியையும் நம்மால் முழுக்கத் தடுக்க முடியாது. மருத்துவர் தினமும் போடச் சொன்ன இன்ஹேலரை விடாமல் போட முடியும். ஆனால் பல வீடுகளில் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். "பிள்ளை நல்லாத்தானே வெளையாடுது, எதுக்கு இந்தப் பம்பு? பழகிப்போயிரும்" என்பார் அப்பத்தா. பாசத்தில் சொல்வதுதான். ஆனால், பிள்ளை நன்றாக விளையாடுவதே அந்த மருந்தால்தான்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் உள்ளே லேசாக வீங்கியே இருக்கும், இழுப்பு இல்லாத நாளிலும். பெரும்பாலும் நீல நிற இன்ஹேலரில் வருகிற சால்பியூட்டமால், குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு சீராகும், நாலைந்து மணி நேரம் தாங்கும். வீக்கம் அப்படியேதான் இருக்கும். வீக்கத்தைக் குறைப்பது புடெசோனைடு, பெக்ளோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. போட்டவுடன் எதுவும் தெரியாது. ஒன்றிரண்டு வாரம் விடாமல் போட்ட பிறகுதான் ராத்திரி இருமல் குறையும்.

இந்தத் தடுப்பு மருந்து ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறீர்கள். நியாயம்தான். கணக்கைப் பாருங்கள்: 100 மைக்ரோகிராம் அழுத்து ஒன்று, 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரையில் ஐம்பதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. தொடர்ந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம், மறைக்க வேண்டியதில்லை. மாதாமாதம் மூச்சுத்திணறி, தூக்கம் கெட்டு, மாத்திரையும் ஊசியுமாக வளர்வதில் இழப்பு அதைவிடப் பெரிது. மூச்சு இரைக்கிற பிள்ளைகள் எல்லோருக்குமே தடுப்பு மருந்து தேவைப்படும் என்பதில்லை. அதை மருத்துவர் முடிவுசெய்வார். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் சொல்லித்தான்.

இன்ஹேலரை நேராக வாயில் அடித்தால் மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் குழாய் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு முகமூடியும் சேர்த்து. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிச் செருகி, முகமூடி கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பதிந்ததும் ஒரே ஒரு அழுத்து. ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்கட்டும். இரண்டாவது அழுத்துக்கு மறுபடி குலுக்குங்கள். அழுகிற பிள்ளைக்குப் போட்டால் மருந்து சரியாக இறங்காது, சமாதானப்படுத்திவிட்டுப் போடுங்கள். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியலாம். பல் விளக்கும் முன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஸ்பேசர் வாங்க வசதி இல்லையா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் செருகும் அளவுக்குத் துளையிட்டு, மூச்சுத்திணறி வந்த பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தார்கள். கடை ஸ்பேசர் போலவே அதுவும் வேலை செய்ததை 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். செய்துகாட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்ஹேலரில் பெரும்பாலும் 200 அழுத்து இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் நூறு நாள். ஆரம்பித்த தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். குலுக்கும்போது சத்தம் வருகிறதே என்று நம்பாதீர்கள், மருந்து தீர்ந்த பிறகும் சத்தம் வரும்.

நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். மூச்சு இழுக்கையில் விலா எலும்பிடை குழிந்தாலோ, பிள்ளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நீல இன்ஹேலரை ஸ்பேசரில், மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் கொடுத்துக்கொண்டிருங்கள்.