இடுப்பெலும்புப் புற்றுநோய்க் கதிர் சிகிச்சையும் அண்டை உறுப்புகளின் பாதுகாப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

என் மைத்துனர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைத் தொழிலாளி. நெடுநாள் இடுப்புவலியைப் பளு தூக்கியதன் விளைவென்றெண்ணிக் களிம்பு தடவியே காலம் கடத்தினார். முதுகெலும்பின் அடியில், இடுப்போடு இணையும் திருவெலும்பில் 'கார்டோமா' எனும் புற்றுக்கட்டி இருப்பது பின்னரே தெரிந்தது. அறுவை சிகிச்சை இயலாதென்றதால், புறநகர் ரயிலில் நாள்தோறும் சென்னைக்குச் சென்று கதிர் சிகிச்சை பெற்றார். ரமலானில் ஒருநாள் நோன்பு நோற்றபடியே சென்றுவிட்டார். மேடையில் படுக்கவைத்துப் படமெடுத்துப் பார்த்த பணியாளர், சிறுநீர்ப்பை காலியாக உள்ளதென்று கூறி அவரை இறக்கிவிட்டார். அந்நிகழ்ச்சியே இவ்வுரைக்குக் காரணம்.

இக்கட்டியை அடக்கச் சுமார் 70 கிரே அளவோ அதற்கு மேலோ கதிர் செலுத்த வேண்டும். சிறுகுடலோ 50 கிரேயை நெருங்கும்போதே புண்ணாகலாம், துளையும் விழலாம். சிலருக்குக் குடல் கட்டியை ஒட்டியே கிடக்கிறது. நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளி வைக்கிறது. திட்டம் வகுத்த நாளில் உறுப்புகள் இருந்தவாறே ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். ஆகவே, குறித்த நேரத்தில் குடிக்கச் சொல்லும் தண்ணீரும் சிகிச்சையின் பகுதியே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-இல் கோபால்ட் கருவி வந்தது. அக்காலத்தில் ஈயக் கட்டிகளை வைத்தே கதிரை மறைத்தனர். இன்றோ கருவிக்குள் நகரும் மெல்லிய உலோகத் தகடுகள் கட்டியின் வடிவத்திற்கேற்பக் கதிரைச் செதுக்குகின்றன. சாதாரணக் கதிர் உடலை ஊடுருவி மறுபுறம் வெளியேறும். புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். தரமணியில் 2019-இல் திறக்கப்பட்ட அப்போலோ புரோட்டான் மையத்தில் இச்சிகிச்சை உண்டு. செலவு மிக அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜப்பானியர் வேறொரு வழி கண்டனர். கோபே பல்கலைக்கழகத்தின் முயற்சியில் உருவாகி 2019-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரு மெத்தை, அறுவைத் தையல் நூலின் மூலப்பொருளால் ஆனது. கட்டிக்கும் குடலுக்கும் இடையே அதனைப் பொருத்திவிட்டுக் கதிர் செலுத்துகின்றனர். வேலை முடிந்தபின் அது உடலுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது! நம் நாட்டிலும் வயிற்றுக் கொழுப்புத் திரையையோ சிலிகான் பையையோ அவ்வாறு இடையே வைப்பதுண்டு.

பேசக் கூச்சப்படும் செய்தி ஒன்றுண்டு. எனினும் பேசியாக வேண்டும். இடுப்பெலும்பில் தோன்றும் 'யூயிங்' புற்று பெரும்பாலும் இளவயதினரையே தாக்குகிறது. கதிரும் மருந்தும் பிள்ளைப்பேற்றைப் பறிக்கக்கூடும். பெண்ணின் சினைப்பைகளைக் கதிர்ப்பாதைக்கு வெளியே உயர்த்தித் தைத்துவைக்கவும், ஆணின் விந்தணுவைச் சேமித்துவைக்கவும் வழியுண்டு. ஆனால் சிகிச்சை தொடங்குமுன்பே கேட்க வேண்டும். தொடங்கியபின் கேட்பது பயனற்றது. மணமாகாத பிள்ளையின் பெற்றோர் இதை மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்.

நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கத்தில் சலுகை உண்டென்பது யாவரும் அறிந்ததே. இமாம் அவர்களும் அதையே எடுத்துரைத்தார்கள். மறுநாள் முதல் மைத்துனர் தண்ணீர் போத்தலுடன் ரயிலேறினார். ஒருநாளும் திருப்பி அனுப்பப்படவில்லை. விடுபட்ட நோன்புகளைக் குளிர்காலத்தின் குறுகிய பகல்களில் களாச் செய்து வருகிறார்.