சட்டி பானையோடு பழவேற்காட்டுக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரை)



நம் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா சர்க்யூட், கான்கிரீட்னு ஆரம்பிச்சிடாதே, சாப்பாட்டு நேரம்" என்றார். அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். குடும்பத்தோடு ஒரு கிராமத்துக்குப் போய், வீடு எடுத்துத் தங்கி, நாமே வாங்கி, நாமே சமைத்துச் சாப்பிட்டு வரும் விடுமுறையைப் பற்றி.

இந்த எண்ணம் எனக்கு வந்தது பிரான்சில் வேலை பார்க்கும் நம் கல்லூரி நண்பன் ஒருவனால். ஒவ்வொரு கோடையிலும் அவன் மனைவி மக்களோடு அங்கே ஏதாவது ஒரு கிராமத்தில் பழைய பண்ணை வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பான். வீட்டில் அடுப்பு, பாத்திரம், கட்டில் எல்லாம் இருக்கும். சந்தையில் காய்கறி வாங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டியது. இந்த மாதிரி வீட்டுக்கு அங்கே 'ஜீட்' என்று பெயர். 1936இல் பிரான்சில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. ஆனால் விடுதியில் தங்க எல்லாருக்கும் வசதி ஏது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமத்து ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. இந்த இரண்டு பிரச்சினைக்கும் ஒரே தீர்வாக 1951இல் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் முதல் 'ஜீட்' திறக்கப்பட்டது. 1955இல் இதற்கென்று நாடு தழுவிய கூட்டமைப்பே அமைந்தது. பட்டணத்துக் குடும்பத்துக்குக் குறைந்த செலவில் ஓய்வு, கிராமத்துக் குடும்பத்துக்குக் கூடுதல் வருமானம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் நமக்குப் பழவேற்காடு இருக்கிறது. பொன்னேரிக்கு மின்சார ரயில் உண்டு, அங்கிருந்து பேருந்து. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இந்த ஏரிதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது. ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீர் கொடுக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும்.

அங்கே பெரிய விடுதிகள் எதுவும் கிடையாது. தெரிந்தவர் மூலமாக மீனவர் குப்பம் ஒன்றில் இரண்டு அறை உள்ள வீடு மூன்று நாளைக்குக் கிடைத்தது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா என ஐந்து பேர். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு மண்சட்டி, கொசுவலை, குடிதண்ணீர் கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டு ஆயா முதல் காரியமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கேன் தண்ணில பருப்ப போடும்மா, எங்க ஊரு தண்ணில அது ஜென்மத்துக்கும் வேவாது" என்று என் மனைவியிடம் சொன்னார். கடின நீரில் பருப்பு வேகாது என்று இங்கே வேதியியல் ஆசிரியர் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது!

விடுதியில் தங்கினால் பட்டியலைப் பார்த்துச் சாப்பாடு சொல்லலாம். சொந்தமாகச் சமைக்கப் போனால், அன்றைக்கு ஏரி என்ன தருகிறதோ அதுதான் சமையல். காலையில் மீன் இறங்கும் இடத்துக்குக் கூடையோடு போய்விட வேண்டும். மடவை, கெளுத்தி, கிழங்கான், இறால், நண்டு என்று கூறு கட்டியிருப்பார்கள். அங்கேயே சுத்தம் செய்து நறுக்கித் தர அரிவாள்மனையோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கூலி. முதல் நாள் அம்மா கையால் மடவை மீன் குழம்பு. அதன் ருசியை மேடையில் விவரித்தால் செயலாளர் என்மேல் வருத்தப்படுவார்.

இரண்டாம் நாள் பெரிய இறாலாக வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். அந்த அக்கா, "இன்னிக்கி எங்க பாடு இல்லம்மா, நாளைக்கி வா" என்றார். பாடு என்றால் நமக்குக் கஷ்டம் என்றுதான் தெரியும். அங்கே அது ஒரு முறைமையின் பெயர். ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கமாக இருக்கும் இடங்களில்தான் இறால் நன்றாகக் கிடைக்கும். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகிறது. அது திரும்பும் வழியில், கம்பு ஊன்றி நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டிப் பிடிக்கிறார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வலை கட்ட முடியாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு இடம் மாற்றிக்கொள்கின்றன. ஊருக்குள்ளும் யார் எந்த இடத்தில் என்பதற்குச் சீட்டு எடுக்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு வேறு இடம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போலச் சீட்டு முறை உண்டு.

நாம் கணினியில் வளப் பங்கீடு என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தோம். இவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் செய்துவருகிறார்கள். இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாட்டுப் பட்டியலில் இடம் இல்லாதவர்களுக்கு மனக்குறை உண்டு, தகராறுகளும் நடந்திருக்கின்றன. இருளர் பெண்கள் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. அவர்களிடமும் வாங்கினோம். ஒரு கிலோ இறாலுக்கு எவ்வளவு நேரம் குனிந்திருக்க வேண்டும் என்று நேரில் பார்த்த பிறகு பேரம் பேச என் அம்மாவுக்கே மனசு வரவில்லை.

பிள்ளைகளுக்குப் படகில் போக வேண்டும் என்று ஆசை. வீட்டுக்காரர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். "நாங்க போறது வயித்துக்கு சார், பசங்கள ஏத்திக்கினு போறதுக்கு இல்ல" என்றார். காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, குடும்பமாகச் சுற்றுலா வந்தவர்கள் போன படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. சராசரியாக ஓர் ஆள் உயரம்கூட இல்லாத ஏரிதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முகத்துவாரத்தில் ஆழமும் இழுப்பும் வேறு. தம்பிகளே, நாலு பேராகப் பைக்கில் போய் இறங்கி, "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க, காசு தர்றோம்" என்று கேட்காதீர்கள். கஷ்டத்தில் இருப்பவர் அந்தக் காசுக்காகச் சரி என்று சொல்லிவிடலாம். அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அனுமதி இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

படகுக்குப் பதிலாகப் பிள்ளைகளை டச்சுக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கல்லறை வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைப் பார்த்து என் மகன் பயந்தே போனான். மகளோ, "அப்பா, இவங்க இவ்வளவு நாள் இருந்துட்டு ஊருக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும் என்று பட்டது. மூன்று நாள் தங்கிய நாங்கள் என்ன கொடுத்தோம், என்ன விட்டுவந்தோம்? வீட்டு வாடகை, மீன், கூலி என்று காசு அந்தக் குப்பத்திலேயே செலவானது. குப்பையை மூட்டை கட்டி எங்களோடே எடுத்து வந்துவிட்டோம்.

கடைசியாக நம் தொழிலுக்கு வருகிறேன், செயலாளர் மன்னிக்க வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் போகின்றன. நம் கல்லூரிக்காரர்கள் கைதட்டும் அந்த நாளில், இன்ன பகுதிக்குப் போகக் கூடாது என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைக்கு அந்த வலை சும்மா கிடக்கும். தெற்கே அனல் மின் நிலையமும், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. இவையெல்லாம் நம்மைப் போன்றவர்கள் வரைபடம் போட்டுக் கட்டியவை. வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில்தான் இந்த மைக்கும் ஓடுகிறது. ஆனால் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. அந்த மணல் எங்கிருந்து எங்கே நகர்கிறது, கரையில் கட்டும் ஒவ்வொரு சுவரும் அதை எப்படித் திருப்புகிறது என்பதெல்லாம் நமக்குப் பாடமாக வந்தவைதான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம்.

வரைபடத்தில் அந்த இடம் ஒரு நீலத் திட்டு, அவ்வளவுதான். மூன்று நாள் அங்கே உலை வைத்தவனுக்கு, அது இன்றைக்குக் குழம்பு உண்டா இல்லையா என்ற கேள்வி. அதனால்தான் ஒரு பொறியாளன் குடும்பத்தோடு போய் அங்கே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்கிறேன். ஒருநாள் கடற்கரைத் திட்டம் ஏதாவது நம் மேஜைக்கு வரும். அப்போது "இன்னிக்கி எங்க பாடு இல்லம்மா" என்று சொன்ன அந்த அக்காவின் முகம் நமக்கு ஞாபகம் வர வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பிரான்சில் செய்த மாதிரி, வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விட விரும்பும் மீனவக் குடும்பங்கள் பழவேற்காட்டிலும் இருக்கலாம். நல்ல கழிப்பறை, குடிதண்ணீர் வடிகட்டி, பாதுகாப்பான மின் இணைப்பு, இந்த மூன்றும் இருந்தால் போதும். மூன்றுமே நம்மால் முடிந்த வேலை. அவர்கள் விரும்பினால், அவர்கள் சொல்கிறபடி, ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதத்தோடு, சரணாலய விதிகளை மீறாமல், நாலைந்து வீடுகளில் தொடங்கலாம். மாணவர்களுக்கும் நல்ல பிராஜெக்ட். என் பங்குக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரத் தயார். சாப்பாடு முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டோடு நிற்கிறேன், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.