ஒப்பிலக்கிய முதுகலையும் நம் இளைஞரும்

 

மருத்துவம், பொறியியல், அரசுத் தேர்வுகள் ஆகியவற்றைப் பற்றிப் பேச இம்மேடையில் தக்கோர் பலர் உள்ளனர். ஆதலின், தமிழிலோ ஆங்கிலத்திலோ இளங்கலைப் பட்டம் பெறப்போகும் நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படாத ஒரு படிப்பைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம். அது ஒப்பிலக்கிய முதுகலைப் படிப்பு.

கம்பன் பெரியவனா, மில்டன் பெரியவனா என்று தீர்ப்புக் கூறும் பட்டிமன்றம் அதுவன்று. ஒரு மொழிக்குள் மட்டும் நின்று பார்த்தால் புலப்படாத ஒன்று, இருமொழி இலக்கியங்களைச் சேர்த்துப் பார்க்கையில் புலப்படுமாயின், அதனை ஆராய்வதே இத்துறையின் வேலை. இந்தியாவில் இதற்கென முதல் துறை 1956-இல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தோன்றிற்று. தோற்றுவித்தவர் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் 1988-இல் ஒரு மையம் ஏற்பட்டது. தமிழில், ஈழத்து அறிஞர் க. கைலாசபதி 'ஒப்பியல் இலக்கியம்' என்னும் நூலை 1969-இல் வெளியிட்டார்.

இது கற்றோர் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். தம் மக்களின் நிலையைப் பிறிதொரு மக்களின் நிலையோடு வைத்து நோக்கும் வழக்கம் நம் தலைவர்களிடம் முன்னரே இருந்தது.

எடுத்துக்காட்டொன்று கூறுவோம். அடிமையாய்ப் பிறந்து தப்பிச் சென்ற பிரடெரிக் டக்ளஸ் 1845-இல் தன் வரலாற்றை வெளியிட்டார். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. டக்ளஸுக்கு எசமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்க, எசமான் அதைத் தடுத்துவிட்டான். பின்னர் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து அவர் படிக்கக் கற்றார். பாமாவுக்குப் பள்ளிக் கதவு திறந்திருந்தது. இழிவு பள்ளிக்குள்ளும் இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்றதைக் கண்டு சிரித்த சிறுமிக்கு, அதன் பொருளை அண்ணன் விளக்குகிறார். படித்தால்தான் இதனை நீக்கலாம் என்கிறார். இரு நூல்களிலும் எழுத்தறிவே திருப்புமுனை.

ஒற்றுமையைச் சொல்லி நிறுத்துவது பள்ளிக் கட்டுரைக்குப் போதும், முதுகலைக்குப் போதாது. டக்ளஸ் எசமானரின் ஆங்கிலத்தை அவரினும் செம்மையாக எழுதினார். பாமாவோ இலக்கணத் தமிழை விலக்கி, ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். ஏன்? இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று டக்ளஸை ஐயுற்றோர் இருந்தனர்; நூலின் முகப்பில் வெள்ளையர் இருவர் சான்றளிக்க வேண்டியிருந்தது. அவர் தம் அறிவை மெய்ப்பிக்கும் கட்டாயத்தில் எழுதினார். பாமாவின் காலத்திலோ, செம்மை எது என்று வகுக்கும் உரிமை யாருடையது என்றே கேட்க முடிந்தது. இவ்வாறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அதுவே ஆய்வேடாகும்.

'கருக்கு' 2000-இல் ஆங்கிலத்தில் வந்தது. லட்சுமி ஓம்ஸ்ட்ரோம் அம்மையார் நல்ல மொழிபெயர்ப்பாளர். ஆயினும் அப்பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர் முழுதும் கேட்பதரிது. நம் தெருவில் வளர்ந்த மாணவருக்கு அது காதிலேயே இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அதனைப் பள்ளியில் மறைப்பதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். மறைக்க வேண்டா! இப்படிப்பில் அது சொத்து. அம்மொழியின் எழுத்தையும் கற்றுக்கொண்டால் மூலநூல்களையே படிக்கலாம்; இதை முதுகலையில் சேரும் முன்னரே செய்துவிடுதல் நன்று.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழ்வழியில் பயின்றோர் இளங்கலையிலேயே நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். அரசு வேலைக்கு இது நேர்வழி என்று நாம் ஆசை காட்டமாட்டோம். பல்கலைக்கழக மானியக்குழுவின் தகுதித் தேர்வில் ஒப்பிலக்கியம் தனிப் பாடமாக உண்டு. ஆனால் கல்லூரிகள் ஆசிரியரைக் கேட்கும்போது தமிழ், ஆங்கிலம் என்றே பெரும்பாலும் கேட்கும். பட்டத்தின் இணைத்தன்மையைச் சேருமுன் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்க. குடும்பப் பொறுப்பு உடனே தலைமேல் இருப்பவர், முதலில் பி.எட். முடித்து ஆசிரியப் பணியில் அமர்ந்துவிட்டுப் பின்னர் இதற்கு வரலாம் என்பது நம் கருத்து. பெற்றோர் இதனை மறுக்கமாட்டார்கள்.

வெளிமாநிலத்தில் படிப்போருக்கும் மெட்ரிக்கிற்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. அதனை வழங்குவது மாணவரின் சொந்த மாநிலமே. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கோடை விடுமுறையிலேயே வாங்கி வைத்திருங்கள். விண்ணப்பம் எழுதுவதில் உதவி வேண்டுவோர் ஞாயிறு காலை சங்கப் படிப்பகத்திற்கு வரலாம். நாம் அங்கே இருப்போம்.