விளக்கொளித் தெருக்களும் ஒரு காமிராவும்



பிற மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு ஊரைச் சுற்றிப் பார்க்க வாய்ப்பது பெரும்பாலும் மாலை நேரமே. பகற்பொழுது காரியாலயத்திலோ தொழிற்சாலையிலோ கழிந்துவிடுகிறது. விடுமுறையில் யாத்திரை புறப்பட்டாலும் பல வேளைகளில் ரயில் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விடியற்கருக்கலில்தான். ஆகவே நாம் காணும் இந்தியாவில் பெரும்பகுதி விளக்கொளியில் காணும் இந்தியாவே. பாரதியார் இளமையில் வாழ்ந்த காசி அனுமான் கட்டத்தை அடுத்த சந்துகள், தென்னிந்தியக் கடைகள் சூழ்ந்த மும்பை மாதுங்காவின் பூ வியாபாரம், ஹௌரா பாலத்தருகே பொழுது புலருமுன் கூடும் மல்லிக் காட் பூச்சந்தை ஆகியவற்றைப் படமெடுத்து, ஊரிலிருக்கும் பெற்றோருக்குக் காட்ட விழைகிறோம். எடுத்த படத்திலோ விளக்குகள் வெள்ளைத் திட்டுகளாகவும், மனிதர் முகங்கள் புகைபோலக் கலைந்தும் தோன்றுகின்றன. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய காமிரா இப்படிச் செய்துவிட்டால் மனம் நோவது இயல்பே. அந்த மாலையும் அந்த முதியவரும் அடுத்த விடுமுறைவரை நமக்காகக் காத்திருப்பதில்லை.

கடைகளில் முதன்முதலாகச் சொல்லப்படுவது மெகாபிக்சல் கணக்கு. இரவுப் படத்துக்கு இந்தக் கணக்கு பெரும் உதவி செய்வதன்று. 2014-இல் ஸோனி நிறுவனம் குறைந்த ஒளிக்கென்றே பெயர்பெற்ற ஏ7எஸ் என்னும் காமிராவை வெளியிட்டபோது, அதில் வைத்தவை ஏறத்தாழ 12 மெகாபிக்சல்கள் மட்டுமே. கவனிக்க வேண்டியது ஒளியை ஏற்கும் சென்ஸார் தகட்டின் பரப்பு. முழுச் சட்ட அளவு எனப்படுவது 36-க்கு 24 மில்லிமீட்டர். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவின் ஃபிலிம் சட்டமும் இதே அளவுதான். ஏ.பி.எஸ்.-சி. என்னும் இடைநிலை அளவு ஏறத்தாழ 23.5-க்கு 15.6. 'ஒரு அங்குலம்' என விற்கப்படுவது உண்மையில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான்! பிரயாணிக்கு இடைநிலை அளவே சுமைக்கும் பயனுக்கும் பொருந்தி வருகிறது என்பது நம் கருத்து.

இனி, லென்ஸின் துவாரம். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்ட நம்மிடம், அபர்ச்சர் என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்போர் உண்டு. துவாரம் என்றால் போதும், பொருள் விளங்கும். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும் என்னும் தலைகீழ்க் கணக்கு மட்டும் எந்த மொழியில் சொன்னாலும் நேராவதில்லை. காமிராவுடன் சேர்த்துத் தரப்படும் ஜூம் லென்ஸ் பலவற்றில், தூரத்துப் பொருளை நெருக்கிக் காட்டும்போது துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். எஃப் 2 துவாரமுள்ள லென்ஸ் அதைப்போல் 8 மடங்கு ஒளியை உள்ளே விடும். நடந்து செல்லும் மனிதரின் முகம் கலையாதிருக்க, வினாடியில் 125-இல் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். கடை விளக்கு விழும் சந்தில், எஃப் 2 வைத்து ஐ.எஸ்.ஓ. 3200-இல் அந்த வேகம் கிட்டுகிறதென்று கொள்வோம். அதே இடத்தில் எஃப் 5.6 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 25600 தேவைப்படும், இல்லையேல் வேகம் 15-இல் ஒரு பங்காகத் தாழும். அப்பொழுது நடப்பவர் ஆவியாகிவிடுவார்.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் உண்டு. கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு காமிராவுக்குள் இருந்தால் போதாதா என்பர். அது தாங்குவது நம் கையின் அசைவை மட்டுமே. எதிரே வருபவரின் கால்களை அது கட்டிப்போடாது. கைத்தொலைபேசியின் இரவு முறையும் இத்தகையதே. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இழைக்கிறது. கோபுரத்துக்கும் படித்துறைக்கும் அது மிக நன்று. கோபுரம் மட்டுமே வேண்டுவோர் வேறு காமிரா தேட வேண்டியதில்லை. தெருவோ ஓயாது அசைவது.

பெயர் சொல்லியே உரைப்போம். 2019-இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3 சட்டைப்பையில் அடங்குவது; எடை ஏறத்தாழ 260 கிராம், துவாரம் எஃப் 2.8. அதில் தூரத்தை 2.5 மீட்டர் என முன்கூட்டியே நிறுத்திவிட்டால், துவாரம் முழுதும் திறந்திருந்தாலும் ஏறக்குறைய 2 முதல் 4 மீட்டர்வரை தெளிவாக விழும். இருட்டில் காமிரா குவியம் தேடித் தடுமாறுவதில்லை. 2024-இல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் 100 வி.ஐ. எஃப் 2 துவாரமுள்ளது. எடை ஏறத்தாழ இரு மடங்கு, விலையும் மிகுதி. லென்ஸ் மாற்றத்தக்க காமிரா ஏற்கெனவே வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு நாம் சொல்வது வேறு: புதுக் காமிரா வேண்டா. எஃப் 1.8 அல்லது எஃப் 2 துவாரமுள்ள, ஜூம் இல்லாத லென்ஸ் ஒன்றை மட்டும், பழையதாயினும், வாங்கிக்கொள்க. ஜூம் இல்லையே என்ற குறையைக் கால்கள் நான்கடி நடந்து தீர்த்துவிடும்.

படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. புள்ளி விழுந்த முகத்தைப் பாட்டி அடையாளம் கண்டுகொள்வாள். அசைந்து குலைந்த முகத்தைக் கண்டுகொள்ளமாட்டாள். தெருவிளக்குகள் எல்.ஈ.டி.யாக மாறிவரும் இந்நாளில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குவன. ஓசையற்ற எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும். இயந்திர ஷட்டரை வைத்து, 100-இல் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கினால் பெரிதும் தப்பலாம். தைமாதக் குளிரில் வட இந்தியாவில் பாட்டரி விரைவில் சோரும் என்பதையும், பனிமூட்டத்திலிருந்து தேநீர்க் கடையின் வெப்பத்துள் நுழைந்தால் லென்ஸில் ஈரம் படியும் என்பதையும் இத்துடன் குறித்துக்கொள்க.

ஃபிளாஷ் விளக்கைப் பற்றி ஒரு சொல். இருளில் ஒருவர் முகத்தில் ஒளியை வீசுவது அடிப்பதற்கு ஒப்பாகும். பூத்தொடுக்கும் அம்மையாரிடம் முதலில் இரண்டு வார்த்தை பேசி, இசைவு பெற்று, பிறகு எடுப்பதே முறை. மணிகர்ணிகைக் கட்டத்தில் சிதையருகே துயருற்று நிற்போரைப் படமெடுத்தலாகாது. எத்தகைய லென்ஸ் கையிலிருந்தாலும் அதைப் பையில் வைத்துவிட வேண்டும்.

காமிரா வாங்கக் கடைக்குப் போகின்றவர், மாலை 7 மணிக்குமேல் போவது நலம். தம்முடைய பதிவு அட்டையையே கொண்டுபோய், கடைக்காரரின் அனுமதியுடன் வாயிலில் நின்று, துவாரத்தை முழுதும் திறந்து, வேகத்தை 125-இல் ஒரு பங்காக நிறுத்தி, எதிர்ச்சாரியில் நடப்பவர்களைப் பத்துப் படங்கள் எடுக்கலாம். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டு, முகம் தெரிகின்றவை எத்தனை என்று எண்ணிய பின்னர், மறுநாள் போய் விலை பேசலாம்.